நான்காம் பக்கமும் ஆறாம் பக்கமும்

கண்ணாடிப் புட்டி ஆலையின் உலையை அணைப்பதில்லை. அணைத்தால் உள்ளே உருகிக் கிடப்பது கல்லாக இறுகிவிடும்; பிறகு உலையையே இடித்துத்தான் கட்ட வேண்டும். ஆகவே அங்கே இரவுப் பணி என்பது மனிதர் யாரும் விரும்பி வைத்த ஏற்பாடு அன்று, உலை வைத்த ஏற்பாடு. அந்த ஆலையின் முதன்மை வாயிலை ஒட்டி, பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை இருந்தது. அதில் தம் முப்பத்தொன்றாம் வயது முதல் நாற்பத்திரண்டாம் வயது வரை, பதினோரு ஆண்டுகள், ஒரு பெண்மணி தொழிலாளர்களின் கையில் பட்டை கட்டி இரத்த அழுத்தம் பார்த்துவந்தார். தொழிலாளர்கள் அவரைப் பட்டையக்கா என்றார்கள். பிற்பாடு குடும்பத்திலும் அந்தப் பெயரே நிலைத்தது. மாமியார் மட்டும் கடைசிவரை "நர்ஸுப் பொண்ணு" என்றே சொல்லிவந்தார்.

அவர் ஆலையின் ஊழியர் அல்லர். ஒரு சுகாதார ஆய்வு நிறுவனம் அந்த ஆலைத் தொழிலாளர்களை ஆண்டுதோறும் பரிசோதித்து, யாருக்கு என்ன ஆகிறது என்று பல ஆண்டுகளாகக் கவனித்துவந்தது. முதன்மை வாயிலில் ஓர் அறை, பின்வாயிலில் ஓர் அறை. பின்வாயில் அறையில் இருந்த ஆண் செவிலியருக்கு மீசை என்று பெயர். அவரிடம் மீசை கிடையாது, ஒரு காலத்தில் இருந்ததாம். இருவரும் நிரப்ப வேண்டியது எட்டுப் பக்கப் படிவம். நான்காம் பக்கம் தூக்கத்தைப் பற்றியது. ஆறாம் பக்கத்தில் இரத்த அழுத்தம் இரண்டு முறை, இடையில் ஐந்து நிமிடம் விட்டு.

பட்டையக்காவின் பதிவேட்டில் வெற்றுக் கட்டம் இருந்ததில்லை. அவர் இயல்பே அப்படி. "எங்க கல்யாணத்துக்கு யாரு வந்தாங்க, யாரு வரலைன்னு இவகிட்ட இன்னும் பட்டியல் இருக்கு. வராதவங்க காரணம் தனிப் பத்தி," என்று தையல் இயந்திரம் பழுதுபார்க்கும் அவர் கணவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். ஒரே நாளில் அதிகபட்சமாக முப்பத்து நான்கு பேரைப் பார்த்ததாக அவர் சொல்லியிருக்கிறார். நிறுவனக் குறிப்பில் முப்பத்தொன்று என்று இருக்கிறது. எது சரியானாலும் மீசை பார்த்ததைப்போல் அது ஏறத்தாழ ஒன்றரை மடங்கு.

அந்த வேகத்துக்கு ஒரு காரணம் உண்டு. இரவுப் பணி காலை ஆறு மணிக்கு முடியும். தொழிலாளர்களை ஏற்றிப்போகும் பேருந்து ஏழு பத்துக்குக் கிளம்பிவிடும். படிவத்தின் வரிசைப்படி போனால் ஓர் ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம். பேருந்துக்கு முன் ஐந்து பேரைத்தான் முடிக்க முடியும். முதல் அளவுக்கும் இரண்டாம் அளவுக்கும் நடுவே சும்மா உட்கார வேண்டிய ஐந்து நிமிடம் அவர் கண்ணை உறுத்தியது. அந்த ஐந்து நிமிடத்தில் நான்காம் பக்கத்தைக் கேட்டுவிட்டால் ஆளுக்கு ஒன்பது நிமிடம்தான், ஏழு பேரை அனுப்பலாம். பணியில் சேர்ந்த மூன்றாம் வாரத்திலிருந்து அவர் அப்படியே செய்தார். விடுப்பில் போகும்போது மாற்றாக வந்த இரண்டு செவிலியருக்கும் அதையே சொல்லிக்கொடுத்தார். களைத்துப்போன மனிதர்களை விரைவாக வீட்டுக்கு அனுப்பியதைத் தவிர அதில் அவர் வேறொன்றையும் காணவில்லை. நிறுவனம் ஆண்டு விழாவில் அவருக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தது.

நாற்பத்திரண்டாம் வயதில், ஆலைப் பரிசோதனைகள் முடிந்த ஆண்டில், முழங்கால் தகராறு செய்யவே, நகரத்தின் நடுவில் இருந்த தலைமை அலுவலகத்தின் தரவு அறைக்கு மாற்றினார்கள். மூன்றாம் மாடி, நல்ல வேளையாக மின்தூக்கி வேலை செய்தது. அங்கே அவர் தம்முடைய பழைய படிவங்களையே அடுக்கி, எண்ணிட்டு, சரிபார்க்கும் வேலையில் மூன்று ஆண்டுகளைக் கழித்திருந்தார். அப்போதுதான் கணக்கு டாக்டர் வெள்ளைப் பலகையில் மூன்று வட்டங்களை வரைந்தார்.

கணக்கு டாக்டர் மருத்துவர் அல்லர். புள்ளியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். ஊசி போடாத டாக்டர் என்பது அலுவலகத்தில் அவருக்கு இருந்த இன்னொரு பெயர். பட்டையக்காவைவிட ஏழெட்டு வயது இளையவர். தரவு அறை ஊழியர் ஐவரையும் உட்காரவைத்து, ஆலைக் குழுவிடம் சொல்லப்போவதை முதலில் அவர்களுக்குச் சொல்லிப்பார்த்தார்.

"இந்த வட்டம் நைட் ஷிஃப்ட். அந்தக் கடைசி வட்டம் பிரஷர். வருஷக்கணக்கா நைட் ஷிஃப்ட் பாக்கறவங்களுக்கு பிரஷர் கூடுதலா இருக்கு. அது நமக்குத் தெரிஞ்சதுதான். இப்போ கேள்வி, அது எந்த வழியா வருது? தூக்கம் கெட்டு, அதனால பிரஷர் ஏறுதா? இல்ல தூக்கத்தைத் தொடாமலே, நேரம் கெட்ட நேரத்துல சாப்பிடறது, உலைச் சூடு, வெளிச்சம், அப்படி வேற வழியில வருதா? நடுவட்டம் தூக்கம். பத்துப் பங்குல எத்தனை பங்கு அது வழியா போகுதுன்னு பிரிச்சுப் பாக்கறோம். இதுக்குப் பேர் இடைவழிப் பகுப்பாய்வு."

தட்டச்சு செய்யும் பெண் கையை உயர்த்தினாள். "சார், எங்க வீட்டுக்காரர் பேச ஆரம்பிச்சா எனக்குத் தூக்கம் போயிடுது, பிரஷர் ஏறிடுது. அவரை எந்த வட்டத்துல வைக்கறது?"

"முதல் வட்டத்துல வைங்கம்மா."

"நான் அவரை எந்த வட்டத்துலயும் வைக்கறதா இல்ல சார். சும்மா கேட்டேன்."

சிரிப்பு அடங்கியதும் கணக்கு டாக்டர் விடையைச் சொன்னார். பத்தில் ஏழு பங்கு தூக்கத்தின் வழியாகப் போகிறது. தூக்கத்தைச் சரிசெய்தால் பெரும்பகுதி தீங்கு நின்றுவிடும். ஆலை நிர்வாகம் இதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. ஆலைக்குள் திரைச்சீலை போட்ட நாற்பது கட்டில்களுடன் ஓர் ஓய்வுக்கூடம் கட்டத் திட்டம் தயாராக இருந்தது. யாரையும் ஐந்து ஆண்டுக்கு மேல் நிரந்தர இரவுப் பணியில் வைக்கக்கூடாது என்று தொழிலாளர் சங்கம் கேட்டுவந்தது. ஏழு பங்கு என்றால் அந்தப் பேச்சுக்கு இனி தேவையில்லை.

"ஒண்ணு மட்டும் மறந்துடக்கூடாது," என்றார் கணக்கு டாக்டர். "நாம யாரையும் சீட்டுக் குலுக்கி நைட் ஷிஃப்ட்டுக்கு அனுப்பல. ஆலை அனுப்புது, நாம ஓரமா நின்னு பாக்கறோம். ஓரமா நின்னு பாக்கறவனுக்கு வரிசை ரொம்ப முக்கியம். முதல்ல ஷிஃப்ட், அப்புறம் தூக்கம், அதுக்கப்புறம் பிரஷர். நடுவுல இருக்கறது நிஜமாவே நடுவுல இருக்கணும். அதனாலதான் ஃபாரத்துல தூக்கம் நாலாம் பக்கம், பிரஷர் ஆறாம் பக்கம்."

பட்டையக்கா அப்போது கோப்புகளுக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தார். துளைப்பானின் பிடியை அழுத்திய கை அழுத்தியபடியே இருந்தது. பதினோரு ஆண்டுகளாகத் தம் அறையில் ஆறாம் பக்கத்தின் முதல் பாதி முடிந்த பிறகே நான்காம் பக்கம் தொடங்கியது என்பது அந்த அலுவலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அதைவிடப் பெரிய இன்னொன்றும் அவருக்குத் தெரியும். முதல் அளவைப் பார்த்ததும் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "எவ்வளவுக்கா?" அவர் சொல்லிவிடுவார். அதைச் சொல்லாமல் அடுத்த கேள்விக்கு யாரும் வாய் திறந்ததில்லை.

அன்று மாலை நான்கு மணிக்கே வீட்டுக்கு வந்தார். கணவரின் தங்கை அப்போதுதான் பகல் தூக்கம் முடிந்து எழுந்து, சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். அவள் அதே ஆலையில், விரிசல் விட்ட புட்டிகளைப் பொறுக்கி எடுக்கும் பிரிவில், ஏழாண்டாக இரவுப் பணி பார்ப்பவள். ஆண்டுதோறும் முதன்மை வாயில் அறையில் அண்ணியிடமே கையை நீட்டியவள்.

"ஏம்மா, நான் உனக்கு பிரஷர் பாத்தேனே, கடைசி வருஷம். ஞாபகம் இருக்கா?"

"மறக்குமா? நூத்தி நாப்பத்தாறுன்னு சொல்லி வயித்துல புளியைக் கரைச்சியே."

"அதுக்கப்புறம் தூக்கம் பத்திக் கேட்டேன். நாலு மணி நேரம்னு சொன்னே."

"ஆமா, சொன்னேன்."

"நெஜமா நாலுதானா?"

நாத்தனார் தம்ளரை வைத்துவிட்டு அண்ணியை ஏற இறங்கப் பார்த்தாள். "என்ன அண்ணி, போலீஸ் மாதிரி கேக்கறே? ஆறு இருக்கும். ஏழுகூட இருக்கும். நீ நூத்தி நாப்பத்தாறுன்னதும் ஏதாவது காரணம் சொல்லணும்ல? ராத்திரி அப்பளம் தின்னேன்னு சொன்னா நீ திட்டுவே. தூங்கலன்னு சொன்னா பாவம்னு விடுவே."

"அதுக்கு முந்தின வருஷம்?"

"முந்தின வருஷம் எவ்வளவு?"

"நூத்தி இருபத்தி ரெண்டு."

"அப்போ நல்லா தூங்கறேன்னு சொல்லியிருப்பேன். நல்ல மார்க் வாங்கினவ எதுக்கு மூக்கால அழப்போறா?"

பட்டையக்கா அடுப்பங்கரையைத் துடைத்தார். அது ஏற்கெனவே துடைத்துத்தான் இருந்தது. நாத்தனார் சொன்னதை, தம் அறைக்கு ஆண்டுதோறும் வந்த ஐந்நூற்று எண்பது பேரால் பெருக்கிப் பார்த்தார். எண் அதிகமாக வந்தவர்கள் குறைவாகத் தூங்கியதாகச் சொன்னார்கள்; எண் குறைவாக வந்தவர்கள் நன்றாகத் தூங்கியதாகச் சொன்னார்கள். தூக்கம் அழுத்தத்தை ஏற்றியதாகப் படிவங்கள் சொன்னதில் பெரும்பகுதி, அழுத்தம் தூக்கத்தைப் பற்றிப் பேசவைத்ததுதான்.

இரவு உணவின்போது கணவர் விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். அவர் எதையும் ஒரு திருகாணியாகப் பார்க்கிற மனிதர். "நீ சொல்லலைன்னா யாருக்குத் தெரியும்? ஃபாரத்துல நேரம் போட்டிருக்கா?"

"காகிதத்துல இல்ல."

"அப்போ காகிதம் வாயைத் திறக்காது."

"நான் சரிபாத்துக் கையெழுத்துப் போட்ட காகிதம்ங்க அது. அது பொய் சொல்லுதுன்னு தெரிஞ்சப்புறம் நான் எப்படி அடுக்கி வைக்கறது?"

"பதினோரு வருஷ வேலை போயிடும்டீ."

"அதான் எனக்கும் கவலை," என்றார் பட்டையக்கா.

நாத்தனார் தட்டிலிருந்து தலை தூக்கினாள். "எனக்கு ஒரு கட்டில் கிடைக்கப்போகுதுன்னு இருந்தேன். அதையும் கெடுக்கறியா? உன்னை மாதிரி ஒரு அண்ணி இருந்தா நாத்தனாருக்கு எதிரியே வேண்டாம்." ஆனால் அவள்தான் மறுநாள் காலை பணி முடிந்து வந்து, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "போய்ச் சொல்லிடு. நான் அள்ளிவிட்டதை வச்சு எவனோ கட்டில் செய்றான்னு நினைச்சா எனக்கே சிரிப்பா வருது," என்றாள்.

கணக்கு டாக்டர் முதலில் நம்பவில்லை. நினைவு பிசகியிருக்கலாம், சில நாள் மட்டும் அப்படி நடந்திருக்கலாம் என்றார். பட்டையக்கா நின்றுகொண்டே இருந்தார். நாற்காலி காட்டியும் உட்காரவில்லை.

"கடைசி ரெண்டு வருஷம் காகிதம் இல்ல சார், கைக்கணினி. ஒவ்வொரு பக்கமும் திறந்த நேரம் அதுல இருக்கும். பாருங்க."

பார்த்தார். ஆறாம் பக்கம், முதல் அளவு, ஆறு நாற்பத்தொன்று. நான்காம் பக்கம், ஆறு நாற்பத்திரண்டு. மீண்டும் ஆறாம் பக்கம், ஆறு நாற்பத்தேழு. அடுத்த ஆள், அதே. அதற்கடுத்த ஆள், அதே. நூறு பேருக்கு மேல் உருட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாயில் அறையின் பதிவுகளைத் திறந்தார். மீசையின் படிவங்களில் நான்கு எப்போதும் ஆறுக்கு முன்னால். மீசை மெதுவாக வேலை செய்பவர் என்று அலுவலகம் முழுதும் பேசிச் சிரித்ததுண்டு.

கணக்கு டாக்டர் இரண்டு அறைகளின் கணக்கையும் தனித்தனியே ஓட்டிப்பார்த்தார். அரை மணி நேரம் ஆயிற்று. முதன்மை வாயில் அறையில் பத்தில் எட்டுப் பங்குக்குச் சற்றுக் குறைவு தூக்கத்தின் வழியாகப் போயிற்று. பின்வாயில் அறையில் இரண்டரைப் பங்கு.

"ஒரே ஆலை, ஒரே உலை," என்றார் அவர், தமக்குத் தாமே.

"என் அறை வரிகளை எடுத்துடுவீங்களா சார்?"

"ஷிஃப்ட்டும் பிரஷரும் இருக்கும்க்கா. அது கெடல. நீங்க எடுத்த ரெண்டாவது அளவை விட்டுடணும், அஞ்சு நிமிஷம் சும்மா இருக்காம பேசிக்கிட்டிருந்தவர் கை அது. முதல் அளவு போதும். ஆனா தூக்கத்தை எடுத்துத்தான் ஆகணும்."

பட்டையக்கா இரண்டு நாள் யோசித்துவைத்திருந்ததை இப்போது வெளியே எடுத்தார். தம் பதிவேட்டுக்காக அவர் வாதாடியது அந்த ஒரு முறைதான். "போன வருஷத் தூக்கத்தை இந்த வருஷ பிரஷரோட வச்சுப் பாத்தா? அப்போ தூக்கம் முன்னாடி, பிரஷர் பின்னாடி. வரிசை சரியா வருதே சார்."

கணக்கு டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அந்த யோசனை அவருக்கும் வந்திருந்தது. அவர் அதைச் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் இருந்தது. "போன வருஷத் தூக்கத்தையே போன வருஷ பிரஷர் தொட்டிருக்கேக்கா. போன வருஷம் அதிகமா இருந்தவருக்கு இந்த வருஷமும் அதிகமாத்தான் இருக்கும். சுத்தி வந்து அதே இடத்துல நிக்கறோம்."

"அவங்க முதல் வருகையில சொன்ன தூக்கம்?"

"முதல் வருகையில பட்டை எப்போ கட்டினீங்க?"

பட்டையக்கா தலையசைத்தார்.

குழுக் கூட்டத்துக்கான அறிக்கை மாற்றி எழுதப்பட்டது. தூக்கத்தின் பங்கு ஏறத்தாழ நான்கில் ஒன்று. ஆட்கள் குறைவானதால் அது ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம், பாதியாகவும் இருக்கலாம். பிழை பற்றிய வரியைக் கணக்கு டாக்டர் நயமாக எழுதியிருந்தார்: "தரவு சேகரிப்பின்போது சில நடைமுறைச் சூழல்களால் வரிசையில் மாற்றம் நேர்ந்தது." பட்டையக்கா அதைப் படித்துவிட்டுப் பென்சிலால் கோடு போட்டு, மேலே தம் கையால் எழுதினார்: "முதன்மை வாயில் அறையில், செவிலியர் முதல் அளவைத் தொழிலாளருக்குச் சொன்ன பின்னரே தூக்கம் பற்றிக் கேட்டார்."

"இது உங்களைக் காட்டிக்கொடுக்குதேக்கா."

"சூழல் எங்க சார் வந்தது? நான்தான் இருந்தேன் அந்த அறையில."

வரி அப்படியே அச்சாயிற்று. ஆலை நிர்வாகம் முகம் சுளித்தது. ஏழு எப்படி இரண்டரை ஆகும் என்று ஒருவர் இரண்டு முறை கேட்டார். சங்கத்துக்காரர்கள் பெரிதாகக் கொண்டாடவும் இல்லை, அவர்களில் பாதிப் பேருக்குக் கட்டில் பிடித்திருந்தது. ஓய்வுக்கூடம் நாற்பதுக்குப் பதிலாகப் பன்னிரண்டு கட்டில்களோடு வந்தது. ஐந்தாண்டு வரம்பு அடுத்த ஆண்டு ஏற்கப்பட்டது. அதற்குப் பிறகு நாத்தனார் பகல் பணிக்கு மாறினாள். இரைச்சலில் பகலில் தூங்கிப் பழகிவிட்டதால், அமைதியான இரவில் தூக்கம் வரவில்லை என்று ஆறு மாதம் புலம்பினாள்.

பட்டையக்காவுக்கு ஒரு வேலை மீதம் இருந்தது. கணினியில் தூக்கக் கட்டங்களை நீக்க ஒரே ஒரு கட்டளை போதும்; கணக்கு டாக்டர் அதை ஒரு நொடியில் முடித்துவிட்டார். ஆனால் காகிதப் பதிவேடுகளுக்கு நிறுவனத்தில் தனி விதி. பயன்படாத பதிவு ஒவ்வொன்றையும் சிவப்பு மையால் ஒற்றைக் கோடிட்டு, சுருக்கொப்பமும் தேதியும் இட வேண்டும். வேறு யாரையாவது வைத்துச் செய்துகொள்ளலாம் என்று சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டார். முதல் ஒன்பது ஆண்டுகளின் பதிவேடுகளை ஜன்னலோர மேசைக்குக் கொண்டுவரச் சொல்லி, கடைசி ஆண்டிலிருந்து பின்னோக்கித் தொடங்கினார். மூன்று வாரம் ஆயிற்று. சிவப்புப் பேனா நான்கு தீர்ந்தது.

முதல் பதிவேட்டின் தொடக்கப் பக்கங்களுக்கு வந்தபோது கை நின்றது. அந்தத் தாள்களில் இரண்டு கையெழுத்து இருந்தது. பணியில் சேர்ந்த முதல் பத்து நாள் ஒரு மேற்பார்வையாளர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றாம் பக்கத்திலிருந்து எட்டாம் பக்கம்வரை வரிசை பிசகாமல் கேட்கவைத்தார் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்தப் பத்து நாளும் அவர் மெதுவாக வேலை செய்தார். பலர் பேருந்தைத் தவறவிட்டுத் திட்டிக்கொண்டே நடந்து போனார்கள். தாள்களை எண்ணினார். அறுபத்து மூன்று. பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கணக்கு டாக்டரிடம் போனார்.

"அறுபத்து மூணை வச்சு என்னக்கா பண்றது? இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்."

"சரியா கேட்டது சார். சரியா கேட்டதை எதுக்கு அடிக்கணும்?"

கணக்கு டாக்டர் பக்கங்களைப் புரட்டி, இரண்டு கையெழுத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு கணினிப் பக்கம் திரும்பினார். அவற்றைச் சேர்த்து ஓட்டியபோது விடை மாறவில்லை. இரண்டரை இரண்டரையாகவே இருந்தது. இந்த ஆய்வைப் பற்றிப் பிற்பாடு மருத்துவ இதழில் வெளிவந்த கட்டுரையின் இரண்டாம் அட்டவணையில், தூக்கம் பற்றிய பதிவுகள் எந்த அறையில் எத்தனை என்று இரண்டு வரிகள் இருக்கின்றன. பின்வாயில்: 2,114. முதன்மை வாயில்: 63.